மருந்து ரொட்டி

செப்டம்பர் 18, ஞாயிறு

முருங்கைக் கன்றை மறுபடியும் மான் தின்றுவிட்டது. நான் இங்கே வந்த வாரத்தில் தொட்டியில் வைத்த கன்று. அது துளிர் விடுவதும் இது வந்து கடிப்பதுமாக இருக்கிறது. இன்று ஜன்னல் வழியே ஆளைப் பார்த்துவிட்டேன். கொம்புள்ள மான்தான். ஆனால் எங்கள் ஊர் தக்கலையில் போய் இதை மான் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். நம் ஊர் ஆட்டைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். காலையில் ஒவ்வொரு வீட்டு முற்றமாக ஏறி இறங்கி, செடிகளை முகர்ந்து பார்த்து, ஏதோ குற்றம் கண்டுபிடித்த முகத்தோடு அடுத்த வீட்டுக்குப் போகும். பஸ்ஸில் ஏறும் டிக்கெட் செக்கரின் நடை. அதனால் செக்கர் என்றே பேர் வைத்துவிட்டேன்.

மனைவி அமலோற்பவத்திடம் புகார் சொன்னேன். அவள் செக்கர் பக்கம். இந்தக் குட்டி மான் உலகத்திலேயே புளோரிடாவின் தென்கோடியில் உள்ள இந்தச் சில தீவுகளில் மட்டும்தான் இருக்கிறதாம். ஒரு காலத்தில் வேட்டையாடியே விரல்விட்டு எண்ணும்படி ஆக்கிவிட்டார்கள். பிறகு சரணாலயம் வைத்துக் காப்பாற்றிச் சில நூறாகப் பெருக்கியிருக்கிறார்கள். யாரும் தீனி போடக் கூடாது, கஞ்சித்தண்ணீர்கூட வெளியே வைக்கக் கூடாது என்றாள். தீனிக்குப் பழகினால் ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபடுமாம். நான் எங்கே தீனி போட்டேன்? அதுவாக எடுத்துக்கொள்கிறது.

நான் போட்ட சாயாவைக் கடைசிவரை குடித்துவிட்டு, சீனி கூடுதல் என்றாள். அவள் சீனியைக் குறைத்தது எப்போது என்று எனக்குத் தெரியாது. மகள் ஷெர்லினுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது நர்ஸ் வேலைக்கு சவுதி போனவள், அங்கிருந்து இங்கே வந்தாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் ஊருக்கு வருவாள். நான் அரசு பஸ் ஓட்டிக்கொண்டு ஷெர்லினை வளர்த்தேன். இப்போது நானும் ஓய்வு பெற்றாயிற்று, ஷெர்லினையும் கட்டிக்கொடுத்தாயிற்று. அம்மாகூடப் போய் இருங்கப்பா என்று அவள்தான் பிடிவாதமாக அனுப்பி வைத்தாள். டிசம்பரில் திரும்ப டிக்கெட் இருக்கிறது.

செப்டம்பர் 25, ஞாயிறு

சர்ச் பூசைக்குப் போய் வந்தோம். நான் ஓட்டினேன், அவள் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சண்டை ஒன்றும் இல்லை. பேச்சு இல்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் 4, செவ்வாய்

பக்கத்து வீட்டு மார்ஜ் காலையில் வந்து அமலோற்பவத்தைக் கூப்பிட்டார். மார்ஜ் கணவரை இழந்தவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நேற்றுவரை படகில் போய் நண்டு பிடித்தவர்போலத்தான் இன்றும் நடப்பார். அவர் வீட்டுக்குப் பின்னால், உப்புநீரில் வளரும் கண்டல் மரங்களின் ஓரத்தில் ஒரு ஆண்மான் படுத்திருந்தது. தலையை உதறிக்கொண்டே இருந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது நாற்றம் வந்தது. நான் இரண்டு அடி பின்னால் வந்துவிட்டேன். அவள் முன்னால் போனாள்.

“உயிரோட இருக்கதுக்கு எப்படி இந்த வாடை வருகு?” என்று கேட்டேன்.

“புண்ணுல புழு வச்சிருக்கு,” என்றாள். “செத்த சதைய இல்ல, நல்ல சதையத் திங்குது.”

சரணாலயத்து ஆட்கள் வந்து மானை எடுத்துப் போனார்கள். அவர்கள் சொன்னது இது. ஒருவகை ஈ. காயத்தின் ஓரத்தில் முட்டையிடும், புழுக்கள் சதைக்குள் திருகிக்கொண்டே உள்ளே போகும். இந்த நாட்டில் அதை எப்போதோ ஒழித்துவிட்டார்களாம், எப்படியோ திரும்ப வந்திருக்கிறது. இது ஆண்மான்கள் பெண்மானுக்காகச் சண்டை போடும் காலம். கொம்பு பட்ட சின்னக் கீறல் போதும், ஈ வந்துவிடும். வேறெங்கும் இல்லாத மான் என்பதால், இங்கே போனால் போனதுதான்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள் கையைக் கழுவிக்கொண்டே நின்றாள். சாப்பாடு வேண்டாம் என்றாள். பிறகு நான் வைத்த புளிக்கறியை நின்றபடியே சாப்பிட்டாள்.

அக்டோபர் 9, ஞாயிறு

தீவின் பொது மண்டபத்தில் கூட்டம். மருந்தை ஊசியால் ரொட்டித் துண்டுக்குள் ஏற்றித் தருவார்களாம். தொண்டர்கள் தெருத் தெருவாகப் போய் மான்களுக்கு ஊட்ட வேண்டும். நேற்றுவரை ஒரு வாழைப்பழத் தோல் போட்டாலே அபராதம் என்றவர்கள், இன்று கையால் ஊட்டச் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் அமலோற்பவம் சிரிக்கவில்லை. பேர் எழுதிய பெண்ணிடம் தன் பேரையும் என் பேரையும் சேர்த்துக் கொடுத்தாள். வறுவேல் என்பதை அந்தப் பெண் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் ‘டிரைவர்’ என்று எழுதிக்கொண்டாள்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

அக்டோபர் 15, சனி

முதல் நாள். விடிந்ததும் கிளம்பினோம். நான் மாட்டு வண்டி வேகத்தில் காரை ஓட்ட வேண்டும். அவள் மடியில் ரொட்டிப் பெட்டி, காலடியில் பெயிண்ட் டப்பா. மருந்து தின்ற மானின் முதுகில் பெயிண்ட் உருளையால் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒரே மான் இரண்டு தடவை தின்றுவிடும்.

ஒரு பைன் மரத்தடியில் நான்கைந்து நின்றன. நான் வண்டியை நிறுத்தினேன். அவள் இறங்கி, உள்ளங்கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

“வா மக்களே. கசக்காது. வா.”

புளோரிடாவில் பிறந்த மானுக்கு எங்கள் ஊர்த் தமிழ் எப்படிப் புரிந்ததோ, ஒரு பெண்மான் வந்து வாங்கித் தின்றது. ஒரு காதின் நுனி கிழிந்திருந்தது. அவள் முதுகில் கோடு இழுத்தபோது தோலைச் சிலிர்த்துக்கொண்டது, ஓடவில்லை. மற்றவையும் வந்தன. அவள் ஒவ்வொன்றையும் மக்களே என்றுதான் கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடும் சொல் அது. அவள் வாயிலிருந்து அதைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

செக்கரும் வந்தது. அவளிடம் போகாமல் நேராக என் ஜன்னலுக்கு வந்து நின்றது. வேறு வழியில்லாமல் நான்தான் ஊட்டினேன். நாக்கு சொரசொரப்பாக இருந்தது. பெயிண்ட் அடித்ததில் என் சட்டையிலும் ஒரு கோடு.

அக்டோபர் 16, ஞாயிறு

சட்டையில் பெயிண்ட் போகவில்லை. இனி அந்த வேலைக்கு அதுதான் சட்டை.

அக்டோபர் 27, வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

காலையில் செக்கர் முற்றத்துக்கு வந்தது. செடிகளை முகரவில்லை. படிக்குக் கீழே வந்து, தலையைச் சாய்த்து நின்றது. கொம்பின் அடியில் காயம். அதன் ஆழத்தைப் பற்றி எழுத மாட்டேன். மருந்து தின்ற மான்தான், ஆனால் அதற்கு முன்பே புழு உள்ளே போயிருந்திருக்கும் என்று அமலோற்பவம் சொன்னாள். நான் ரொட்டி எடுத்து வந்தேன். முகர்ந்தது, வாய் திறக்கவில்லை.

சரணாலயத்துக்குப் போன் செய்தால் என்ன செய்வார்கள் என்று இருவருக்கும் தெரியும். முற்றிய காயம் உள்ளவற்றைத் துன்பப்பட விடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். நான் நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

“நாளைக்குண்ணு வச்சா அது இந்த ராத்திரிய யாரு கூடக் கழிக்கும்?”

அவள்தான் போன் செய்தாள். ஒரு பெண்ணும் ஆணும் வந்தார்கள். நல்ல மாதிரியான ஆட்கள், மெதுவாகப் பேசினார்கள். எங்களை உள்ளே போகச் சொன்னார்கள். நான் போய்விட்டேன். அவள் போகவில்லை. தான் நர்ஸ் என்று சொல்லி, மான் பார்க்கும் இடத்தில், படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி வெடிச்சத்தம் கேட்டது.

உள்ளே வந்தவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். கஞ்சியும் பயறும் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் தலையணை நனைந்திருப்பதைப் பார்த்தேன். சத்தமில்லாமல் அழுவாள் என்பது எனக்குத் தெரியாது. சவுதியில் பலர் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள் என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள். அங்கே பழகியிருக்க வேண்டும்.

அக்டோபர் 28, வெள்ளி

முருங்கை துளிர்த்திருக்கிறது.

நவம்பர் 13, ஞாயிறு

இன்று ஈக்களைப் பார்த்தேன். கெட்ட ஈ அல்ல, நல்ல ஈ. எங்கோ ஒரு இடத்தில் அதே ஈயை லட்சக்கணக்கில் வளர்த்து, கதிர்வீச்சு கொடுத்து, மலடாக்கி இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். இந்த ஆண் ஈக்கள் போய்ப் பெண் ஈக்களோடு கூடும், முட்டை பொரிக்காது. பெண் ஈ வாழ்நாளில் ஒருமுறைதான் கூடுமாம். அப்படியே வம்சம் அற்றுப்போகும். ஈ விடும் பெட்டி ஒன்றை மார்ஜ் தன் முற்றத்தில் வைக்க இடம் கொடுத்திருக்கிறார். விருந்தாளிகள் வந்திருப்பதுபோல அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நான் இதையெல்லாம் கேட்டுவிட்டு, மாப்பிள்ளை பார்க்கும்போது இனி இதையும் விசாரிக்க வேண்டும் என்றேன். அமலோற்பவம் சிரித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் சொன்னது அப்படியொன்றும் பெரிய ஹாஸ்யமில்லை. இருந்தாலும் இன்னொரு தடவை சொன்னேன்.

நவம்பர் 24, வியாழன்

இங்கே இன்று நன்றித் திருநாள். மார்ஜ் பூசணிப் பணியாரம் மாதிரி ஒன்று கொண்டுவந்தார். நான் தேங்காய் அரைத்து மீன்கறி வைத்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டே சட்டியைக் காலி செய்தார்.

ராத்திரி ஷெர்லின் கூப்பிட்டாள். டிக்கெட் தேதியை நினைவூட்டினாள். மான்களுக்கு மருந்து கொடுக்கும் வேலை இருக்கிறது, வண்டி ஓட்ட வேறு ஆள் இல்லை என்றேன். அமெரிக்காவில் வண்டி ஓட்ட ஆள் இல்லையா என்று கேட்டாள். இவ்வளவு மெதுவாக ஓட்ட ஆள் இல்லை என்றேன். அவள் ஏன் சிரித்தாள் என்று தெரியவில்லை.

டிசம்பர் 12, திங்கள்

நான் போக வேண்டிய விமானம் இன்று போயிருக்கும். காலையில் பெயிண்ட் உருளைகளைக் கழுவிக் காய வைத்தேன்.

டிசம்பர் 25, ஞாயிறு

கிறிஸ்துமஸ். புது நோய் கண்ட மான் இந்த வாரம் ஒன்றும் இல்லையாம். சொன்னவர், கண் பட்டுவிடக் கூடாதென்று, உடனே மரத்தைத் தட்டிக்கொண்டார். அமலோற்பவம் எனக்கு ஒரு சட்டை வாங்கியிருந்தாள். அளவு சரியாக இருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். தினமும் துவைத்துப் போடுவது யார் என்று கேட்டாள். துவைப்பது நான்தான். மடிப்பது அவள்.

ஜனவரி 19, வியாழன்

அவளுக்குக் காய்ச்சல். மிளகும் கருப்பட்டியும் போட்டுக் காப்பி கொடுத்துவிட்டு, ரொட்டிப் பெட்டியோடு நான் மட்டும் போனேன். எங்கள் தெருவிலேயே மான்கள் என் வண்டியைப் பார்த்து ஓடி வந்தன. நான் இறங்கியதும் நின்றுவிட்டன. நீட்டிய ரொட்டியைத் தள்ளி நின்று பார்த்தன. வா என்றேன், வரவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. குரலை மெல்லிசாக்கி, “வா மக்களே, கசக்காது” என்றேன்.

கிழிந்த காதுக்காரி முதலில் வந்தாள்.

வீட்டுக்கு வந்து எல்லாம் ஊட்டியாயிற்று என்று மட்டும் சொன்னேன். ஆனால் தன் வீட்டு ஜன்னலிலிருந்து மார்ஜ் பார்த்திருக்கிறார். சாயங்காலம் வந்து, என் குரலை அப்படியே நடித்துக் காட்டினார். காய்ச்சலோடு அமலோற்பவம் சிரித்து இருமினாள்.

பிப்ரவரி 21, செவ்வாய்

ஆண்மான்கள் கொம்பு உதிர்த்துவிட்டன. கொம்பில்லாமல் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல இருக்கின்றன. கிழிந்த காதுக்காரிக்கு வயிறு தெரிகிறது.

மார்ச் 19, ஞாயிறு

இன்று காரில் நடந்ததை எழுதிவிட வேண்டும்.

பூசை முடிந்து நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தோம். இடப்பக்கம் பைன் மரங்களுக்கு நடுவிலிருந்து கிழிந்த காதுக்காரி வெளியே வந்தாள். எங்கள் கார் என்று தெரிந்துகொண்டு, ரொட்டி கிடைக்குமென்று நேராக ரோட்டைக் கடந்து எங்களை நோக்கி ஓடி வந்தாள். எதிரே ஒரு லாரி. அந்த ஓட்டுநரின் கண் ரோட்டில் இல்லை, அது எனக்கு எட்டத்திலேயே தெரிந்துவிட்டது. நான் யோசிக்கவில்லை. விளக்கைப் போட்டு, ஹாரனை அழுத்திப் பிடித்து, வண்டியை ஒடித்து அவர் பாதையில் குறுக்கே போட்டுவிட்டேன். லாரி கிரீச்சிட்டுக்கொண்டு வந்து எங்களுக்குச் சற்று முன்னால் நின்றது. வயிற்றோடு மான் நடுரோட்டில் நின்று, அமலோற்பவத்தின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

லாரிக்காரர் கத்திக்கொண்டே இறங்கினார். மானைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு திரும்பிப் போனார்.

நான் வண்டியை ஓரம் கட்டினேன். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் கைமேல் கையை வைத்தாள்.

“இத்தன வருசம் நீங்க ஓட்டின பஸ்ஸுல நான் ஒருநாளும் ஏறினதில்ல, பாத்தியளா?”

உண்மைதான். நான் வேலையில் சேர்ந்தது அவள் போன பிறகு. லீவில் வரும்போதெல்லாம் நானும் லீவு போட்டுவிடுவேன்.

வீடு வரும்வரை கையை எடுக்கவில்லை. ஒரு கையால் ஓட்டுவது சட்டப்படி தப்பு.

மார்ச் 25, சனி

நோய் ஒழிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். மண்டபத்தில் கைதட்டல், கேக். நிறைய மான்கள் போய்விட்டன, ஆனால் இனம் நிற்கும், ஏப்ரலில் குட்டிகள் வரும் என்றார்கள். பிறகு அன்று செக்கருக்காக வந்த, மெதுவாகப் பேசும் பெண் எழுந்து, இனி யாரும் எதுவும் ஊட்டக் கூடாது என்றாள். மான்கள் மனிதரை நம்பப் பழகிவிட்டன, பழக்கியது நாம், அதனால் மறக்கடிக்க வேண்டியதும் நாம்தான். கிட்டே வந்தால் சத்தம் போட்டு விரட்டுங்கள் என்றாள். எல்லோரும் கேக் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு லாரி ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 2, ஞாயிறு

வாரம் முழுக்க முற்றத்துக்கு வந்தவை விரட்ட விரட்ட ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கிழிந்த காதுக்காரி மட்டும் போகவில்லை. இன்று காலையும் படிக்குக் கீழே வந்து நின்றாள். வயிறு கனத்துவிட்டது, இன்றோ நாளையோ. அமலோற்பவம் கை தட்டினாள். காதுக்காரி அசையவில்லை. தட்டிய கையில் ரொட்டி இருக்கிறதா என்று மூக்கை நீட்டினாள். அமலோற்பவம் எவர்சில்வர் தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்தாள். மான் ஒரு அடி பின்வாங்கி மறுபடி முன்னால் வந்தது.

“போ மக்களே. போ.”

“மக்களேண்ணு சொன்னா எங்கன போவும்?” என்றேன்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். குனிந்து ஒரு கைப்பிடி சரளை அள்ளி, மானின் காலடியில் ஓங்கி எறிந்தாள். மேலே படவில்லை. ஆனால் மான் பயந்து துள்ளியது. அவள் அடுத்ததை எறிந்தாள். பிறகு திரும்பி வேகமாக வீட்டுக்குள் வந்தாள்.

“உள்ள வாருங்க. திரும்பிப் பாக்காண்டாம். பாத்தா நிக்கும்.”

அடுக்களையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டி நின்றாள். அந்த முதுகு எனக்குத் தெரியும். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஒவ்வொரு தடவையும் நான் பார்த்தது அதைத்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஷெர்லினோடு நிற்பேன். அம்மா ஏன் பார்க்கவில்லை என்று பிள்ளை கேட்கும். நேரமாகிவிட்டது என்று சொல்லுவேன். இத்தனை வருடம் நான் அவளிடம் கேட்டதில்லை. இன்று கேட்டுவிட்டேன். ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கலாமே என்றேன்.

அவள் குழாயை மூடினாள்.

“முதத் தடவ பாத்தேன். நீங்க அவளத் தோளுல வச்சிட்டு வேற பக்கம் பாத்திட்டு நிண்ணீங்க. அவளுக்க செருப்பு ஒண்ணு கழண்டு தரையில கெடந்து. நீங்க அதக் காணல்ல. உள்ள போயி இருந்த பெறகும் எனக்கு அந்தச் செருப்புதான். இவரு பாக்காம போயிருவாரே, பிள்ள ஒத்தச் செருப்போட எங்கன நடக்கும்ணு. எல்லாத்தையும் போட்டுட்டு வந்திரலாம்ணு எந்திச்சு வாசல் வர வந்தேன். வெளிய விடமாட்டேண்ணாவ. அதுக்குப் பெறகு திரும்பல்ல.”

அன்று ஷெர்லின் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. வழியெல்லாம் தேடினேன், பஸ் ஸ்டாண்டிலும் போய்த் தேடினேன். எங்கே விழுந்தது என்று இன்றுதான் தெரிந்தது.

பக்கத்தில் போய் நின்றேன். இந்த வயதில் இப்படி நிற்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அப்படியே நின்றோம்.

“போச்சா?” என்று கேட்டாள்.

ஜன்னல் வழியே பார்த்தேன். கிழிந்த காதுக்காரி வேலியைத் தாண்டியிருந்தாள். வெள்ளை வால் நிமிர்ந்திருந்தது. பயந்தால்தான் அப்படி நிமிர்த்துமாம். கண்டல் மரங்களுக்குள் போய் மறைந்தாள்.

“போச்சு,” என்றேன்.

ஏப்ரல் 3, திங்கள்

அவளுக்குக் காலை ஷிப்ட். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டேன். கதவுக்குள் போகும் முன் நின்று, திரும்பிப் பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன். அவளும் தூக்கினாள். எனக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.